அலிப்பூர் வேளாண்மைக் கண்காட்சியும் பின்வந்த நூறாண்டும்

(மாவட்ட வேளாண்மை அலுவலர்களும் முதுகலை மாணவர்களும் பங்குகொண்ட பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



உழவர் விழாக்களை நடத்தும் முறை குறித்துப் பேசுமாறு என்னைக் கேட்டிருந்தார்கள். பந்தல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், எந்தத் துறைக்கு எத்தனை அரங்குகள் ஒதுக்க வேண்டும் என்பன பற்றியெல்லாம் உங்கள் அலுவலகங்களில் சுற்றறிக்கைகள் நிறையவே இருக்கும். அவற்றைத் திருப்பிச் சொல்வதில் பயனில்லை. நம் நாட்டில் அரசாங்கம் முன்னின்று நடத்திய வேளாண்மைக் கண்காட்சிகளுள் முற்பட்டதான ஒன்றின் வரலாற்றை எடுத்துரைத்து, அதன் வாயிலாக நம்முடைய வேலையை ஆராய்வது மேல் என்று கருதினேன். 1864ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கல்கத்தா நகரின் தென்பகுதியாகிய அலிப்பூரில் நடைபெற்ற கண்காட்சியே அது. அந்நகரம் 2001ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்று வழங்கப்பெறுகிறது. நான் பேசும் காலத்தை ஒட்டிப் பழைய பெயரையே கையாளுகிறேன்.

வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னராக 1862 முதல் 1867 வரை இருந்தவர் சர் செசில் பீடன். அவருடைய ஆட்சியில், அவருடைய ஆதரவோடு அக்கண்காட்சி நடந்தது. அவர் வாழ்ந்த பெல்வெடர் மாளிகையும் அலிப்பூரில்தான் உள்ளது. விடுதலைக்குப்பின் தேசிய நூலகம் குடியேறிய மாளிகை அது என்றால் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும்.

சந்தையும் கண்காட்சியும்

வேளாண்மைக்காக மக்கள் ஓரிடத்தில் கூடுவது இந்நாட்டுக்குப் புதிதன்று. பீகாரில் கங்கையும் கண்டகியும் கலக்கும் சோன்பூரில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் பெருஞ்சந்தை, ராஜஸ்தானத்துப் புஷ்கரத்தில் அதே பௌர்ணமியில் கூடும் கால்நடைச் சந்தை ஆகியவை தலைமுறை தலைமுறையாக நடந்து வருபவை. அங்கே மாட்டின் தரத்தைத் தீர்மானிக்கும் நடுவர் குழு கிடையாது. வாங்குபவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். சற்று தூரம் நடத்திப் பார்க்கிறான். பிறகு மடியிலிருக்கும் பணத்தை அவிழ்க்கிறான். அவன் அவிழ்க்கும் பணமே தீர்ப்பு. தவறாகத் தீர்ப்பளித்தால் நட்டமும் அவனுடையதே.

அலிப்பூரில் கூடியது வேறு வகையான கூட்டம். அதன் மூலம் இங்கிலாந்தில் இருந்தது. அந்நாட்டு நிலவுடைமையாளர்கள் வேளாண்மைக் கழகங்களை அமைத்து, ஆண்டுதோறும் கால்நடை, கருவி, விளைபொருள் ஆகியவற்றைக் காட்சிக்கு வைத்துப் பரிசளித்து வந்தனர். 1851ஆம் ஆண்டு லண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பின்னர் இம்முறை பேரரசு முழுவதும் பரவிற்று. சென்னையில் 1855ஆம் ஆண்டு தென்னிந்திய விளைபொருள்கள், கைத்தொழில்கள் ஆகியவற்றின் கண்காட்சி நடைபெற்றது. அலிப்பூரில் நடந்த அதே 1864இல் லாகூரிலும், மறு ஆண்டு நாகபுரியிலும் கண்காட்சிகள் நிகழ்ந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி கிடைக்காமல் போன காலம் அது. இந்திய மண் எதையெல்லாம் விளைவிக்கும், எவ்வளவு விளைவிக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் ஆட்சியாளருக்கும் வணிகருக்கும் மிகுந்திருந்தது. குடியானவருக்கு எதையேனும் காட்ட வேண்டும் என்பதைவிட, இந்நாட்டில் என்ன இருக்கிறது என்று தாம் காண வேண்டும் என்பதே இக்கண்காட்சிகளின் முதல் நோக்கம் என்று சொன்னால் அது மிகையாகாது.

வங்காளத்தில் இதற்கு உள்ளூர் வேர் ஒன்றும் இருந்தது. 1820ஆம் ஆண்டு வில்லியம் கேரி கல்கத்தாவில் வேளாண்மை, தோட்டக்கலைக் கழகத்தைத் தோற்றுவித்தார். விவிலியத்தை வங்காளியில் மொழிபெயர்த்த அதே கேரிதான். இந்தியரும் அதில் உறுப்பினராக வேண்டும் என்று தொடக்கத்திலேயே அவர் விரும்பினார். நல்ல காய்கறி விளைவிக்கும் தோட்டக்காரர்களுக்குக் கழகம் பரிசளித்து வந்தது. வங்காளப் புதினத்தின் முன்னோடிகளுள் ஒருவரான பியாரி சந்த் மித்ராவும் அதன் உறுப்பினராயிருந்து, வேளாண்மை குறித்துத் தாய்மொழியில் எழுதினார். எழுத்தறிந்த உழவர் மிகச் சிலரே இருந்த காலத்தில் அவர் யாருக்காக எழுதினார் என்று கேட்கத் தோன்றும். கிராமத்து நிலத்தின் மீது உரிமை கொண்டு நகரத்தில் வாழ்ந்த படித்த வகுப்பாருக்காகவே எழுதினார். அலிப்பூர்க் கண்காட்சியும் பெரும்பாலும் அவர்களை நோக்கியதே.

காட்சியில் வைக்கப்பட்டவை

கால்நடைகள், விளைபொருள்கள், கருவிகள், இயந்திரங்கள் என்று கண்காட்சி அமைந்தது. இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்ட கருவிகளும் நீராவியால் இயங்கும் எந்திரங்களும் அதன் பெருமைக்குரிய பகுதி. அந்நாளைய நீராவி உழவு முறையைச் சற்று விளக்கினால் அதன் பொருளாதாரம் புலப்படும். டிராக்டரைப் போல நீராவி எந்திரம் வயலுக்குள் இறங்காது. இறங்கினால் அதன் எடையே மண்ணை இறுக்கிவிடும். வயலின் ஒரு வரப்பில் எந்திரத்தை நிறுத்தி, எதிர் வரப்பில் மற்றோர் எந்திரத்தையோ நங்கூரம் போன்ற அமைப்பையோ நிறுத்தி, இடையே எஃகுக் கம்பி வடத்தால் கலப்பையை அப்பாலும் இப்பாலும் இழுப்பார்கள். இதற்கு நீண்டு அகன்ற வயல் வேண்டும். எந்திரம் வந்து சேர உறுதியான சாலை வேண்டும். நிலக்கரியும் நல்ல தண்ணீரும் இடையறாமல் கிடைக்க வேண்டும். பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் அருகில் இருக்க வேண்டும். வரப்பு வரப்பாகத் துண்டுபட்டு, ஆண்டில் பாதி நாள் நீரில் மூழ்கியிருக்கும் வங்காள நெல் வயலில் இவற்றுள் எது இருந்தது?

ஆயினும் எந்திரம் பொருந்தாது என்பதோடு நாம் நின்றுவிட்டால் பொருளாதார மாணவர்களாகிய நீங்கள் பாதிக் கணக்கைத்தான் போட்டவர்கள் ஆவீர்கள். பொருந்தக்கூடிய நல்ல விதையையோ கலப்பையையோ ஒரு குடியானவர் அலிப்பூரில் கண்டிருந்தாலும், அதனால் விளையும் கூடுதல் நெல் யாருக்குச் சேரும் என்பது மற்றப் பாதி.

1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரி ஏற்பாட்டின்படி ஜமீன்தார் அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகை என்றென்றைக்கும் உறுதி செய்யப்பட்டுவிட்டது. குடியானவர் ஜமீன்தாருக்குச் செலுத்த வேண்டிய குத்தகைக்கு அத்தகைய வரம்பு இல்லை. 1859ஆம் ஆண்டின் பத்தாம் சட்டம் 12 ஆண்டுகள் தொடர்ந்து பயிரிட்டவருக்கு அனுபவ உரிமை வழங்கிற்று. குடியானவரின் சொந்த முயற்சியாலும் செலவாலும் விளைச்சல் பெருகினால் அதைக் காரணமாகக் காட்டிக் குத்தகையை உயர்த்தக் கூடாது என்றும் விதித்தது. நல்ல சட்டம்தான். ஆனால் 12 ஆண்டுகள் பயிரிட்டதற்கு ரசீது எங்கே? விளைச்சல் பெருகியது தம் உழைப்பால்தான், ஆற்று வண்டலால் அன்று என்று எழுத்தறியாத ஒருவர் எப்படி மெய்ப்பிப்பார்? விலைவாசி உயர்ந்தால் குத்தகையை எந்த அளவு உயர்த்தலாம் என்னும் வழக்கைக் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் 15 நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து 1865ஆம் ஆண்டு விசாரிக்க வேண்டியதாயிற்று. பெருங்குத்தகை வழக்கு என்று அது வரலாற்றில் பெயர் பெற்றது. கண்காட்சிக்கு அடுத்த ஆண்டு அது நிகழ்ந்தது என்பதை நினைவில் வையுங்கள். நாட்டின் தலைசிறந்த சட்ட அறிஞர்களுக்கே தெளிவாகாத ஒரு பங்கீட்டை நம்பி, உழவர் தம் கைப்பொருளை நிலத்தில் இடுவார் என்று எதிர்பார்த்தவர்கள்தாம் அலிப்பூரில் பரிசு வழங்கியவர்கள்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின்

1864 அக்டோபரில் கடும் புயல் ஒன்று கல்கத்தாவைத் தாக்கிப் பல்லாயிரவர் உயிரைக் கொண்டது. மறு ஆண்டு, 1865இல், ஒரிசாவில் பருவமழை முன்னதாகவே நின்றுபோயிற்று. இன்று ஒடிசா எனப்படும் அப்பகுதியும் அன்று வங்காள லெப்டினன்ட் கவர்னரின் ஆளுகைக்கு உட்பட்டதே. கடைகளில் அரிசி மறையத் தொடங்கியது. கட்டக், பூரி, பாலசோர் பகுதிகளிலிருந்து எச்சரிக்கைகள் வந்தன. வணிகரிடமும் நிலமுடையோரிடமும் போதிய இருப்பு இருக்கிறது, விலை ஏறினால் அது தானே வெளிவரும் என்று கல்கத்தாவிலிருந்த வருவாய் வாரியம் நம்பிற்று. 1866 பிப்ரவரியில் சர் செசில் பீடன் நேரில் சென்றார். விலையைக் கட்டுப்படுத்துமாறு வேண்டியவர்களுக்கு, அது சந்தை விதிக்கு முரணானது என்று கூறி மறுத்துத் திரும்பினார்.

இருப்பு இல்லை என்பது தெளிவானபோது காலம் கடந்துவிட்டது. அங்கு ரயில் இல்லை. சாலைகள் மழையில் அறுபட்டன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அக்கடற்கரையில் கப்பலிலிருந்து அரிசியை இறக்குவது அரிதினும் அரிது. ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மாண்டனர். ஜார்ஜ் கேம்பெல் தலைமையிலான விசாரணைக் குழு அரசாங்கத்தின் அறியாமையையும் தாமதத்தையும் மறைக்காமல் எடுத்துரைத்தது.

கண்காட்சி நடத்தியதால் பஞ்சம் வந்தது என்று யாரும் கருதிவிட வேண்டாம். நான் ஒன்றைப் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்கிறேன். கடல் கடந்து எந்திரங்களைத் தருவித்து, கால்நடைகளையும் தானியங்களையும் வகைப்படுத்தி அட்டவணையிட்டு அலிப்பூரில் அடுக்கிவைக்கும் ஆற்றல் அந்த ஆட்சிக்கு இருந்தது. அதே ஆட்சிக்கு, தன் மாவட்டம் ஒன்றின் களஞ்சியங்களில் எத்தனை மாதத்து அரிசி இருக்கிறது என்பது தெரியவில்லை. காட்சி மேசையில் ஒவ்வொரு நெல் வகைக்கும் பெயர்ச்சீட்டு இருந்தது. மொத்தம் எவ்வளவு விளைந்தது என்ற கணக்கு இல்லை. பயிர்ப் பரப்பு, மகசூல், விலை பற்றிய வாராந்தர அறிக்கைகளை நிரப்புவது உங்களில் பலருக்குச் சலிப்பூட்டும் வேலை என்று அறிவேன். அவ்வேலையின் பிறப்பிடங்களுள் ஒன்று ஒரிசாவின் அந்த மழைக்காலம்.

பஞ்சத்தின் பின்னரே மத்திய அரசில் வேளாண்மைக்கென ஒரு துறை வேண்டும் என்னும் கோரிக்கை வலுப்பெற்றது. பருத்தி வேண்டிய மான்செஸ்டர் வணிகரும் அதை வற்புறுத்தினர். 1871ஆம் ஆண்டு வைஸ்ராய் மேயோ பிரபு அத்துறையை நிறுவினார். வருவாய், வேளாண்மை, வாணிபத் துறை என்பது அதன் பெயர். பெயரில் வருவாய் முதலில் நிற்பது தற்செயல் அன்று. பின்னாளில் இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தவருள் ஒருவரான ஏ. ஓ. ஹியூம் அதன் செயலாளராக இருந்து, வேளாண்மை பின்தள்ளப்படுவதைக் குறைகூறிக்கொண்டே இருந்தார். 1879இல் அத்துறை கலைக்கப்பட்டது. பஞ்சக் குழுவின் பரிந்துரையால் 1881இல் மீண்டும் உயிர்பெற்றது. மேயோ பிரபு அயர்லாந்தில் தாமே பண்ணை நடத்தியவர். விலையுயர்ந்த இறக்குமதி உரத்தை இடுமாறு இந்தியக் குடியானவருக்கு அறிவுரை கூறுவது, ஷாம்பெயின் மதுவை வயலுக்கு எருவாக ஊற்றச் சொல்வதற்கு ஒப்பாகும் என்று அவர் நகைச்சுவையாக எழுதியது உண்டு. வைஸ்ராய்களின் கடிதங்களில் இப்படிப்பட்ட அறிவு அடிக்கடி காணக் கிடைப்பதில்லை.

சைதாப்பேட்டையும் பீகியாவும்

எல்ஜின் பிரபு 1863 நவம்பரில் காலமானதை அடுத்து, புதிய வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் 1864 ஜனவரியில் வந்து சேரும்வரை தற்காலிகமாகப் பொறுப்பேற்றிருந்தவர் சென்னை கவர்னர் சர் வில்லியம் டெனிசன். அலிப்பூர் ஏற்பாடுகள் நடந்த காலம் அது. சென்னை திரும்பிய டெனிசனின் முயற்சியால் சைதாப்பேட்டையில் 1865ஆம் ஆண்டு சோதனைப் பண்ணை தொடங்கப்பெற்றது. நீராவிக் கலப்பை முதலிய இங்கிலாந்துக் கருவிகளே அதன் முதற் சொத்து. அவற்றால் அக்கம்பக்கத்து உழவு மாறவில்லை. ஆனால் பண்ணையோடு வளர்ந்த வேளாண்மைப் பள்ளி நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக மலர்ந்த வரலாற்றை இங்குள்ள மாணவர் சிலர் என்னைவிட நன்கு அறிவர். எந்திரம் துருப்பிடித்தது, அதைச் சுற்றிக் கற்றவர்கள் எஞ்சினார்கள்.

1889ஆம் ஆண்டு ஜான் அகஸ்டஸ் வோல்கர் என்னும் வேளாண்மை வேதியியலாளரை இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள். நாடெங்கும் சுற்றிய அவர் 1893இல் வெளியான அறிக்கையில் கூறியது ஆட்சியாளரைத் திகைக்க வைத்தது. இந்திய உழவர் சராசரி இங்கிலாந்து உழவருக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவர் அல்லர். சிலவற்றில் அவரினும் மேம்பட்டவர். குறைபாடு அறிவில் இல்லை, வசதிகளில் உள்ளது என்றார். சாணம் எருவாகாமல் எரிபொருளாவது ஏன் என்று கேட்டு, விறகு இல்லை என்பதைக் கண்டு, விறகுக் காடு வளர்க்கப் பரிந்துரைத்தார். எரு இடுங்கள் என்று பலகை எழுதி வைப்பதற்கும் இதற்கும் உள்ள தொலைவைச் சிந்தியுங்கள்.

அந்த நூற்றாண்டில் அரசாங்கத்தின் பெரிய காட்சிகள் சாதிக்காததை ஓர் எளிய கருவி சாதித்தது. பீகாரில் ஷாஹாபாத் மாவட்டத்துப் பீகியா என்னும் ஊரில் தாம்சன், மில்ன் என்ற இருவர் 1870களில் இரும்பு உருளைகள் கொண்ட கரும்பு ஆலை ஒன்றை அமைத்தனர். மாடு பூட்டி இயக்குவது. வண்டியில் ஏற்றி வயலுக்கே கொண்டு செல்லக்கூடியது. அதுவரை கரும்பைத் துண்டு துண்டாக வெட்டி, கல்லாலோ மரத்தாலோ ஆன கனத்த செக்கில் இட்டு நசுக்கினர். அதற்கு ஆளும் மாடும் மிகுதியாக வேண்டும், சாறும் வீணாகும். புதிய ஆலை முழுக் கரும்பையே பிழிந்தது. அதைவிட முக்கியம், அது வாடகைக்குக் கிடைத்தது. ஒரு பருவத்துக்கு வாடகை பேசி எடுத்துப் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் திருப்பிவிடலாம். உழவரின் முதலீட்டு இடரைக் கருவி செய்தவர்களே ஏற்றுக்கொண்டார்கள் என்பது இதன் பொருளாதாரப் பொருள். பிற பட்டறைகளும் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கின. வட இந்தியா முழுவதும் அது பரவிற்று. வோல்கரும் இதைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். நீராவிக் கலப்பையைக் காண மக்கள் கூடினார்கள். பீகியா ஆலையைக் காண யாரும் திரளவில்லை. கரும்பு வெட்டும் காலத்தில் அதைத் தேடிப் போனார்கள்.

நூறாண்டு கழித்து

லின்லித்கோ பிரபு தலைமையிலான அரச ஆணையம், 1928ஆம் ஆண்டு அறிக்கையில், சர்க்கார் பண்ணையில் செய்து காட்டுவதைவிட உழவரின் சொந்த வயலில் செய்து காட்டுவதே பயன் தரும் என்று கூறியது. அறிக்கைகள் கூறுவதும் அலுவலகங்கள் செய்வதும் ஒன்றாவதற்கு நம் நாட்டில் எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. விடுதலைக்குப் பின்னும் பெருங்காட்சிகளின் கவர்ச்சி குறையவில்லை. 1959 டிசம்பரில் புது தில்லியில் உலக வேளாண்மைப் பொருட்காட்சி தொடங்கியபோது அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவரே வந்திருந்தார். அப்போதும் நாம் அமெரிக்காவிலிருந்து கோதுமை வாங்கி உண்டுகொண்டிருந்தோம்.

திருப்பம் 1964ஆம் ஆண்டில் வந்தது. அலிப்பூருக்குச் சரியாக நூறாண்டு கழித்து. எம். எஸ். சுவாமிநாதனும் அவருடைய உடன்பணியாளரும் குட்டைக் கோதுமை வகைகளை உழவர் வயல்களில் விளைவித்துக் காட்டும் தேசியச் செயல்விளக்கத் திட்டத்தைத் தொடங்கினர். அதில் அவர் வகுத்த ஒரு விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். செயல்விளக்கம் சிறு உழவரின் நிலத்தில்தான் நடக்க வேண்டும். வசதி படைத்தவரின் வயலில் மகசூல் பெருகினால், அது பணத்தால் விளைந்தது, தொழில்நுட்பத்தால் அன்று என்று ஊரார் சொல்லிவிடுவார்கள். தில்லிக்கு அருகிலுள்ள ஜோந்தி கிராமம் விதை பெருக்கும் கிராமமாக மாறியது. அடுத்த வீட்டுக்காரரின் வயலில் நிற்கும் பயிரை விதைப்பிலிருந்து அறுவடை வரை ஒருவர் தம் வரப்பில் நின்றே பார்த்தார். பெய்த மழை, அடித்த வெயில், வாங்கிய கடன் எல்லாம் இருவருக்கும் ஒன்றே. நாட்டின் கோதுமை விளைச்சல் 1964-65இல் ஏறத்தாழ 123 லட்சம் டன். 1967-68இல் ஏறத்தாழ 165 லட்சம் டன். நீரும் உரமும் ஆதரவு விலையும் இதில் பங்கு பெற்றன என்பது உண்மை. குத்தகைதாரர் பங்கு குறைவாகவே பெற்றார் என்பதும் உண்மை. 1865ஆம் ஆண்டு நீதிபதிகள் தீர்க்க முயன்ற சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை; பட்டா இல்லாத உழவர் வங்கிக் கடனுக்கு வரும்போது உங்கள் மேசையிலேயே அது மீண்டும் எழும்.

இனி, நமது அறிக்கைப் படிவங்கள். என் பணிக்காலத்தில் உழவர் விழா அறிக்கைகள் பல என் பார்வைக்கு வந்துள்ளன. அரங்குகளின் எண்ணிக்கை, வருகை தந்த உழவர் எண்ணிக்கை, சிறப்பு விருந்தினர் பெயர், செலவான தொகை ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. அலிப்பூர்க் கண்காட்சியை இப்படிவத்தில் நிரப்பினால் அது மாபெரும் வெற்றி என்றே முடியும். நான் இரண்டு கட்டங்களைச் சேர்க்கச் சொல்வேன். வந்தவருள் தம் பெயரில் பட்டா இல்லாதவர் எத்தனை பேர் என்பது ஒன்று. சென்ற ஆண்டு விழாவில் காட்டப்பட்ட விதையோ கருவியோ இவ்வாண்டு எத்தனை வயல்களில் இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவதை நிரப்ப அலுவலர் அறையைவிட்டு இறங்கி நடக்க வேண்டும்; ஒரு வட்டாரத்துக்கு பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளைப் பந்தல் செலவில் குறைத்துக்கொள்ளலாம்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்குப் பந்த்நகர் பல்கலைக்கழகம் நடத்தும் கிசான் மேளாவைச் சுட்டுவேன். விதைப்புக் காலத்தை ஒட்டி ஆண்டுக்கு இருமுறை அது கூடுகிறது. விதை விற்கும் இடத்தில்தான் நெரிசல். வருவோர் மாதிரியைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். சென்ற முறை வாங்கியது முளைத்த விதத்தைப் பற்றி விற்பவரிடம் வாதாடுகிறார்கள். பிறகு பணத்தை எண்ணிக் கொடுத்து, மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பேருந்துக்குப் போகிறார்கள்.